பல் கிளெய்ம்: "புரொசஸிங்" என்ற பதிலைத் தாண்டி கஸ்டமர் சேர்விஸிடம் என்ன கேட்பது?

கொழும்பு06:

எல்லாருக்கும் வணக்கம். அலுவலகக் குறூப் மெடிக்கல் பொலிசியில் பல்லுக்குப் போட்ட கிளெய்ம் ஒன்று நகராமல் நிற்கிறது. விபரம் இதுதான்.

கீழ்த்தாடை இடப்பக்கக் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கனால் (பல்லுக்குள் கெட்டுப்போனதை எடுத்து வேர்க்குழாய்களை நிரப்பும் சிகிச்சை), மூன்று தடவையில் முடிந்தது. கடைசி நாளில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பில். அதில் "டென்டல் ட்ரீட்மென்ட் 28,000" என்று ஒரு வரி, கீழே ஒரு கையெழுத்து. வேறொன்றும் இல்லை.

ஓபீடி (வைத்தியசாலையில் தங்காமல் பெறும் சிகிச்சை) வருட லிமிட் 40,000 ரூபா, அதற்குள் பல்லுக்கு 15,000. எச்ஆர் தந்த தாளின்படி 20 சதவீதம் ஊழியர் போட வேண்டும். இதே பொலிசி வருடத்தில் ஒரு பல் அடைத்ததற்கு 4,500 ரூபா பில் ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

அப்பில் பில்லைப் போட்டு 24 நாள். மூன்று தடவை கோல் எடுத்ததில் மூன்று பதில்: "புரொசஸிங்", "டொக்கியுமென்ட் போதாது", "மெடிக்கல் டீமிடம் போயிருக்கு". அப்பில் இன்னமும் "சப்மிட்டட்" என்றுதான் காட்டுகிறது.

நாலு கேள்வி. கோலில் எதைக் கேட்டால் உண்மையான பதில் வரும்? பில்லை இனி என்ன செய்வது? அந்தப் பல்லுக்கு கிரவுன் (பல்லின் மேல் பொருத்தும் மூடி) போட வேண்டும் என்கிறார் டொக்டர், அதற்குக் காசு வருமா? மிச்சத்தைக் கணவரின் அலுவலகக் காப்புறுதியில் கேட்கலாமா?

கிளெய்ம்_மேசை:

மூன்று பதிலும் ஒரே விஷயத்தின் மூன்று பக்கமாகத்தான் இருக்க வேண்டும். பில்லில் சிகிச்சை விபரம் இல்லை, அதனால் மதிப்பிட முடியவில்லை.

கோல் சென்டரில் கதைப்பவருக்கு முன்னால் இருப்பது ஒரு திரை. அதில் கிளெய்ம் இலக்கம், பதிவான திகதி, நிலை, மதிப்பீட்டாளர் எழுதிய ஒரு வரிக் குறிப்பு ஆகியவை தெரியும். உங்கள் எக்ஸ்ரேயை அவர் திறந்து பார்ப்பதில்லை, முடிவையும் அவர் எடுப்பதில்லை. "எப்போது காசு வரும்?" என்று கேட்டால் அவரால் "புரொசஸிங்" என்றுதான் சொல்ல முடியும். அந்த ஒரு வரிக் குறிப்பை அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள். "தங்கச்சி, ரிமார்க்ஸ் பகுதியில் என்ன எழுதியிருக்கு, அதை அப்படியே வாசியுங்கோ" என்று கேட்டால் பெரும்பாலும் வாசிப்பார்கள். அங்கேதான் விஷயம் இருக்கும்.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, கிளெய்ம் பதிவாகி இருக்கிறதா என்பது. அப்பில் "சப்மிட்டட்" என்றால் படம் அவர்களுடைய பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒருவர் அதைத் திறந்து, மெம்பர் நம்பரோடு பொருத்தி, கிளெய்ம் இலக்கம் கொடுத்த பிறகுதான் அது "ரெஜிஸ்டர்ட்". அப் கொடுத்த ரெஃபரன்ஸ் இலக்கமும் கிளெய்ம் இலக்கமும் பல கம்பனிகளில் வேறு வேறு. 24 நாளாகியும் கிளெய்ம் இலக்கம் இல்லையென்றால் அது வரிசையிலேயே நிற்கவில்லை. படம் மங்கலாக இருந்ததாலோ பொலிசி இலக்கம் பிழையாக விழுந்ததாலோ ஒதுங்கிக் கிடக்கும். அப்படியானால் காத்திருக்க வேண்டாம், திருத்திய பேப்பர்களோடு அதே ரெஃபரன்ஸைக் குறிப்பிட்டுத் திரும்பப் போடுங்கள். புதுக் கிளெய்மாகப் போடாதீர்கள். ஒரே பில் இரண்டு தடவை பதிந்தால் "டுப்ளிகேட்" என்று இரண்டும் நின்றுவிடும்.

கோலில் கேட்க வேண்டியவற்றை நான் இந்த ஒழுங்கில் கேட்கச் சொல்வேன். கிளெய்ம் இலக்கம் என்ன, எந்தத் திகதியில் பதிந்தது. இப்போது யாரிடம் இருக்கிறது: பதிவுப் பகுதியா, மதிப்பீட்டாளரா, மருத்துவ ஆலோசகரா, கொடுப்பனவுப் பகுதியா. குறையும் ஆவணத்தின் சரியான பெயர் என்ன. அதை எந்த ஈமெயிலுக்கு, எந்தத் திகதிக்குள் அனுப்ப வேண்டும். "டொக்கியுமென்ட் போதாது" என்பதோடு கோலை வைக்க விடாதீர்கள். எந்த டொக்கியுமென்ட் என்று பெயர் வரும்வரை பொறுமையாகத் திரும்பக் கேளுங்கள். குரலை உயர்த்தத் தேவையில்லை, நாளைக்கும் அவர்களோடுதான் கதைக்க வேண்டும்.

கோலை வைத்த கையோடு ஒரு சின்ன ஈமெயில் போடுங்கள்: "இன்று காலை 10.20க்கு உங்கள் பிரதிநிதியோடு (பெயர்) கதைத்தேன். கிளெய்ம் இலக்கம் இது. பல் இலக்கத்துடன் சிகிச்சை அறிக்கையும் எக்ஸ்ரேயும் தேவை என்று சொன்னார். இரண்டும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. கிடைத்ததை உறுதிப்படுத்தவும்." நாலு வரி போதும். பின்னர் யாராவது "அப்படி ஒன்றும் வரவில்லையே" என்றால் உங்கள் கையில் இருக்கப்போவது இந்த ஈமெயில்தான். கோலை அவர்கள் ரெக்கோர்ட் பண்ணினாலும் அது உங்களுக்குக் கிடைக்காது.

இன்னொன்றை நிறையப் பேர் தெரிந்துகொள்வதில்லை. குறூப் பொலிசியில் பொலிசிதாரர் உங்கள் கம்பனி. நீங்கள் அதில் ஓர் உறுப்பினர். பல்லுக்கு எவ்வளவு, எது விலக்கு, எத்தனை நாளுக்குள் பில் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் மாஸ்டர் பொலிசியில், கம்பனி பேசி வாங்கிய அட்டவணையில் இருக்கும். ஒரே காப்புறுதி நிறுவனத்தின் இரண்டு குறூப் பொலிசிகளில் பல் விதி இரண்டு விதமாக இருக்கலாம். ஆகவே பக்கத்து அலுவலகத்தில் வேலை செய்பவருக்குக் கிடைத்ததை வைத்து வாதாட முடியாது. எச்ஆரிடம் அந்த அட்டவணையின் பல் பகுதியை மட்டும் பிடிஎஃபாகக் கேளுங்கள். உங்கள் கம்பனி புரோக்கர் மூலம் பொலிசி எடுத்திருந்தால் எச்ஆர் புரோக்கருக்கு ஒரு வரி போட்டாலே போதும். புரோக்கரிடம் காப்புறுதிக் கம்பனியின் கிளெய்ம் பகுதித் தொடர்பு இருக்கும். நீங்கள் பத்துக் கோலில் பெறுவதை அவர் ஒரே கோலில் பெறுவார். அது சலுகையும் இல்லை, சிபாரிசும் இல்லை. அவருடைய வேலையே அதுதான், கேட்கத் தயங்காதீர்கள்.

பல்லுக்குறிப்பு:

கிளினிக் பக்கத்தில இருந்து சொல்லுறன். "டென்டல் ட்ரீட்மென்ட் 28,000" என்ற பில்லுக்கு எந்தக் கம்பனியும் காசு தரத் தயங்கும். அந்த வரிக்குள்ள பல் வெள்ளையாக்கினதும் அடங்கும், ரூட் கனாலும் அடங்கும். பாக்கிறவருக்கு எது எண்டு எப்பிடித் தெரியும்?

டொக்டரிட்ட திரும்பப் போய் சிகிச்சை அறிக்கை ஒண்டு கேளுங்கோ. லெட்டர்ஹெட்டில ஒரு பக்கம் காணும். அதில கட்டாயம் வர வேண்டியது பல்லின்ர இலக்கம். இலங்கையில பல் வைத்தியர்கள் பாவிக்கிறது இரண்டு இலக்க முறை. முதல் இலக்கம் தாடையின்ர கால்பகுதி: மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. இரண்டாவது இலக்கம் நடுவில இருந்து எண்ணி வாறது. நீங்கள் சொல்லுறது கீழ் இடது முதலாவது பெரிய கடைவாய்ப் பல் எண்டால் அது 36. அதுக்குப் பின்னால உள்ளது 37. பிள்ளையளின்ர பால்பல்லுக்கு 5 தொடக்கம் 8 வரை கால்பகுதி இலக்கம் வரும், உதாரணமா 75. பில்லில 36 எண்டும் எக்ஸ்ரேயில 37 எண்டும் இருந்தால் கிளெய்ம் அங்கயே நிண்டிடும். வாங்கின உடன கிளினிக்கில வச்சே ஒத்துப் பாருங்கோ.

அடுத்தது நோய். "டூத் பெய்ன்" எண்டு எழுதினால் அது அறிகுறி, நோயில்லை. ரூட் கனாலுக்கு வழமையா வாறது "இர்ரிவர்சிபிள் பல்பைட்டிஸ்", இல்லாட்டி "பெரிஅபிக்கல் அப்செஸ்" மாதிரி ஒண்டு. முதலாவது, பல்லுக்குள்ள இருக்கிற நரம்பும் இரத்தக்குழாயும் திரும்ப ஆறாத அளவுக்கு வீங்கின நிலை. இரண்டாவது, வேர் நுனியில சீழ் கட்டினது. ரெண்டும் வருத்தம். அது தாளில இருந்தால் "அழகுக்குச் செய்தது" எண்டு ஆரும் சொல்ல ஏலாது.

மூண்டு தடவையும் என்ன நடந்தது எண்டு திகதியோட தனித்தனியா எழுதுவியுங்கோ. முதல் நாள் பல்லைத் திறந்து உள்ளுக்குள்ள இருந்ததை எடுத்து தற்காலிகமா அடைச்சது, இரண்டாம் நாள் கனால்களைக் கழுவி அகட்டினது, மூண்டாம் நாள் கட்டாபெர்ச்சா எண்ட ரப்பர் மாதிரிப் பொருளை வைச்சு நிரப்பினது. எத்தினை கனால் எண்டதையும் போடச் சொல்லுங்கோ. கீழ் முதல் கடைவாய்ப் பல்லில வழமையா மூண்டு, சிலருக்கு நாலு. ஒவ்வொரு நாளுக்கும் எவ்வளவு காசு எண்டதும் வேணும். 28,000ஐ மூண்டாப் பிரிச்சு எழுதினாலே பில் ஒழுங்காப் போயிடும்.

எக்ஸ்ரே ரெண்டு வேணும், தொடங்க முன்னம் எடுத்தது ஒண்டு, நிரப்பி முடிஞ்ச பிறகு எடுத்தது ஒண்டு. இப்ப எல்லாம் டிஜிட்டல் சென்சர், படம் கொம்பியூட்டரில கிடக்கும். ஆனா திரையைப் போனால படம் பிடிச்சு அனுப்பாதேங்கோ, அதில பேரும் இல்லை திகதியும் இல்லை. நோயாளி பேர், எடுத்த திகதி ரெண்டும் படத்திலயே தெரியிற மாதிரி கிளினிக்கில ஏற்றுமதி செய்து ஈமெயில் பண்ணச் சொல்லுங்கோ. முழு வாயையும் காட்டுற ஓபீஜீ எக்ஸ்ரே இருந்தால் அதையும் சேருங்கோ. ஆனா ஓபீஜீயில வேர் நுனி அவ்வளவு துலக்கமாத் தெரியாது, சின்னப் படம்தான் சாட்சி.

கடைசியா சீல். டொக்டரின்ர பேர், பட்டம், இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கம் மூண்டும் சீலில இருக்க வேணும். பல் வைத்தியர்களும் அந்தச் சபையிலதான் பதிஞ்சிருக்கினம். கிளினிக்கின்ர சீல் மட்டும் அடிச்சால் ஆர் சிகிச்சை செய்தது எண்டு தெரியாது.

ஒரு அவசரக் குறிப்பு: பில் சூட்டில எழுத்து விழுற தேர்மல் கடதாசியில வந்திருந்தால் இண்டைக்கே போட்டோ கொப்பி எடுங்கோ. பேர்ஸுக்குள்ள மடிச்சு வச்சு, வெள்ளவத்தை வெயிலில ரெண்டு வாரம் திரிஞ்சால் எழுத்து அழிஞ்சு வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். மேல டேப் ஒட்டவும் வேண்டாம், பசை பட்ட இடமும் மங்கும்.

ஹவ்லொக்_வீதி:

பெயர் விஷயத்தை யாரும் சொல்லவில்லை. தமிழ் ஆட்களின் கிளெய்ம் திரும்பி வருவதற்கு அதுவும் பெரிய காரணம்.

அடையாள அட்டையில் அப்பாவின் பெயரோடு முழுப்பெயர் இருக்கும். எச்ஆர் பட்டியலில் முதலெழுத்தோடு சுருங்கியிருக்கும். கிளினிக்கில் ரிசெப்ஷனில் இருப்பவர் "கவிதா" என்று மட்டும் எழுதிக் கொண்டுபோவார், அதுவும் ஆங்கிலத்தில் 'எச்' போட்டோ போடாமலோ. மூன்றும் மூன்று ஆளாகத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு முதலெழுத்தை மாற்றியவர்களுக்கு இன்னும் சிக்கல். கிளினிக்கில் பெயர் பதியும்போதே அடையாள அட்டையைக் கொடுத்து, அதில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். மெம்பர் நம்பரையும் பில்லில் எழுதுவியுங்கள்.

பிழையாக எழுதியிருந்தால் நீங்கள் பேனாவால் திருத்த வேண்டாம். ஓர் எழுத்தைத் தடித்து எழுதினாலும் மதிப்பீட்டாளருக்கு அது மாற்றப்பட்ட பில். டொக்டர் தானே வெட்டித் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, சீல் அடிக்க வேண்டும். புதுப் பில் தந்தால் அதைவிட நல்லது.

அடையாள அட்டை இலக்கத்தையும் பாருங்கள். எச்ஆரில் பழைய இலக்கம், அதாவது ஒன்பது இலக்கமும் 'வீ' எழுத்தும் இருக்கும். நீங்கள் போமில் புதிய 12 இலக்கத்தை எழுதியிருப்பீர்கள். இரண்டும் ஒரே ஆள் என்று சிஸ்டத்துக்குத் தெரியாது. எச்ஆரில் எது இருக்கிறதோ அதையே எழுதுங்கள்.

வங்கிக் கணக்கிலும் இதே கதைதான். கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், கிளையின் பெயரும் சரியாக இருக்க வேண்டும். கிளெய்ம் "பெய்ட்" என்று காட்டியும் காசு வராவிட்டால் கோல் சென்டரில் "பணம் அனுப்பிய திகதியும் பரிமாற்ற இலக்கமும் தாருங்கள்" என்று கேளுங்கள். அநேகமாகக் கணக்கிலக்கம் பிழைத்துக் காசு திரும்பிப் போயிருக்கும். அவர்கள் அதைத் தாமாகச் சொல்வது அரிது.

கொழும்பு06:

மிகவும் நன்றி. கோல் எடுத்தேன். கிளெய்ம் இலக்கம் இருக்கிறது. ரிமார்க்ஸில் "டூத் நம்பர் அன்ட் ப்ரீ-ஒப் எக்ஸ்ரே பென்டிங்" என்று எழுதியிருக்கிறதாம், அதாவது பல் இலக்கமும் சிகிச்சைக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயும் இன்னும் வரவில்லை. டொக்டரிடம் அறிக்கைக்குச் சொல்லிவிட்டேன். எவ்வளவு வரும் என்று ஒரு கணக்குச் சொல்ல முடியுமா? 10,500 என்று நினைத்தேன், அலுவலகத்தில் ஒருவர் 8,400 என்கிறார்.

கிளெய்ம்_மேசை:

இரண்டு கணக்கும் வரக்கூடியதுதான். 20 சதவீதத்தை எதில் கழிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பில்லில் கழித்தால்: 28,000இல் 80 சதவீதம் 22,400. பல்லுக்கான லிமிட்டில் மிச்சம் 10,500. எது குறைவோ அதைத் தருவார்கள், அதனால் 10,500.

லிமிட்டில் கழித்தால்: மிச்சம் 10,500, அதில் 80 சதவீதம் 8,400.

வித்தியாசம் 2,100 ரூபா. எது சரி என்பதை மாஸ்டர் பொலிசியில் உள்ள வசனம்தான் சொல்லும். எச்ஆர் தாளில் "20 சதவீதம் ஊழியர்" என்று சுருக்கியிருப்பதை வைத்து முடிவுகட்ட முடியாது.

அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். முதல் பில் 4,500 என்றீர்கள். அதற்கும் 20 சதவீதம் கழித்திருந்தால் உங்களுக்குக் கிடைத்தது 3,600. லிமிட்டில் குறைய வேண்டியது கம்பனி கொடுத்த தொகைதான், பில் தொகை இல்லை. அப்படியானால் மிச்சம் 11,400. பழைய கிளெய்மின் செட்டில்மென்ட் விபரத்தை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதில் பிழை விட்டால் ஒரு ஈமெயிலில் திருத்துவார்கள், சண்டை போட வேண்டிய விஷயமில்லை.

இரண்டாவது காப்புறுதி பற்றி: பெரும்பாலும் முடியும், ஆனால் ஒழுங்கு முக்கியம். முதலில் உங்கள் பொலிசியில் முடியுங்கள். அதன் செட்டில்மென்ட் கடிதத்தில் பில் தொகை, கொடுத்த தொகை, கொடுக்காததற்கான காரணம் மூன்றும் இருக்க வேண்டும். கணவருடைய கம்பனிக்கு அந்தக் கடிதத்தையும் பில்லின் உறுதிப்படுத்திய பிரதியையும் மிச்சத் தொகைக்கான போமையும் கொடுக்க வேண்டும். 10,500 கிடைத்தால் அங்கே கேட்கக்கூடியது 17,500. கவனிக்க வேண்டியது மூலப் பில். முதல் கம்பனி அதை வாங்கி வைத்துக்கொண்டால் திரும்பத் தரமாட்டார்கள். ஆகவே கொடுக்கும்போதே கவரிங் லெட்டரில் "மிச்சத்துக்கு வேறு காப்புறுதியில் கோர இருப்பதால் உறுதிப்படுத்திய பிரதி ஒன்று தேவை" என்று எழுதி விடுங்கள். நீங்கள் அப்பில் படம் போட்டதால் மூலப் பில் உங்களிடமே இருக்கும், அதை எறிந்துவிடாதீர்கள். முதலாவதை மறைத்து இரண்டு இடத்திலும் முழுத் தொகையைக் கேட்பது மோசடி. பிடிபட்டால் கணவருடைய வேலைக்கே ஆபத்து.

நாள் கெடுவையும் பாருங்கள். பல பொலிசிகள் சிகிச்சை நாளிலிருந்து குறிப்பிட்ட நாட்களுக்குள் பில் கொடுக்கச் சொல்லும். உங்கள் முதல் கிளெய்ம் இழுபடும் நாட்களும் இரண்டாவது கம்பனியின் கெடுவில் ஓடிக்கொண்டிருக்கும். கெடு நெருங்கினால் கணவர் தன் எச்ஆருக்கு "முதலாவது கம்பனியின் முடிவு வந்ததும் ஆவணங்கள் தரப்படும்" என்று இப்போதே ஈமெயிலில் அறிவித்து வைக்கட்டும்.

பல்லுக்குறிப்பு:

கிரவுன் கேள்விக்கு வாறன். கனபேருக்கு மறுக்கிறது இதுதான். "கொஸ்மெட்டிக்" எண்டு ஒரு சொல்லில முடிச்சிடுவினம்.

முதல் உங்கட அட்டவணையில "கிரவுன், பிரிட்ஜ், டென்ச்சர், இம்ப்ளான்ட் விலக்கு" எண்டு பேர் சொல்லி எழுதியிருக்கா எண்டு பாருங்கோ. பேர் சொல்லி விலக்கியிருந்தால் கடிதம் எழுதிப் பிரயோசனம் இல்லை, அந்த நேரத்தை மிச்சம் பிடியுங்கோ. "அழகுசார் சிகிச்சை விலக்கு" எண்டு மட்டும் இருந்தால் வாதாட இடமிருக்கு.

ரூட் கனால் செய்த கடைவாய்ப் பல்லில பெரிய துவாரம் போட்டு நிறையப் பகுதி வெட்டி எடுத்திருக்கும். மெல்லுற பாரம் முழுக்க அதில விழும். மூடாமல் விட்டால் முனைகள் வெடிச்சு, சில நேரம் வேர் வரை பிளந்து, கடைசியில பல்லையே கழட்ட வேண்டி வரும். டொக்டரின்ர கடிதத்தில வர வேண்டியது இதுதான்: 36ஆம் பல், ரூட் கனால் முடிஞ்ச திகதி, பல்லின்ர எத்தினை பக்கச் சுவர் உடைஞ்சிருக்கு, முனைகளை மூடாட்டி முறியும் எண்ட மருத்துவக் காரணம். பல் பின்னுக்கு இருக்கிறதால சிரிக்கேக்க தெரியாது எண்டதையும் ஒரு வரியில போடலாம். உலோகக் கிரவுனா பீங்கானா எண்டதும் முக்கியம். முழுப் பீங்கான் விலை கூட, சில கம்பனி உலோகக் கிரவுனின்ர அளவுக்குத்தான் தரும்.

ரெண்டாவது, தொடங்க முன்னம் அனுமதி கேளுங்கோ. மதிப்பீட்டுத் தொகையோட டொக்டரின்ர துண்டையும் ரூட் கனால் முடிஞ்ச எக்ஸ்ரேயையும் அனுப்பி, "இது பொலிசிக்குள் அடங்குமா, எவ்வளவு வரை" எண்டு எழுத்தில பதில் கேளுங்கோ. கோலில "ஓம் வரும்" எண்டு சொன்னதை நம்பி அளவெடுக்கப் போகாதேங்கோ. உங்கட பல்லு லிமிட் இந்த வருசம் முடியப் போகுது. பொலிசி வருசம் எப்ப புதுப்பிக்கினம் எண்டு பாத்து, தற்காலிக அடைப்பு அதுவரை தாங்குமா எண்டு டொக்டரிட்ட கேளுங்கோ. அவர் தாங்காது எண்டால் காசுக்காகத் தள்ளிப் போடாதேங்கோ. அட்வான்ஸ் குடுத்தால் அந்தத் துண்டுக்குக் காசு தரமாட்டினம், கிரவுன் ஒட்டின நாளின்ர இறுதிப் பில்தான் வேணும்.

முரசு கிளீன் பண்ணுறதுக்கும் இதே மாதிரித்தான். "ஸ்கேலிங் அன்ட் பொலிஷிங்" எண்டு மட்டும் போட்டால் பராமரிப்பு எண்டு தள்ளுவினம். முரசுநோய் இருந்தால் பல்லுக்கும் முரசுக்கும் இடையில உள்ள பையின்ர ஆழத்தை மில்லிமீட்டரில எழுதச் சொல்லுங்கோ. சாதாரணமா 3 மில்லிமீட்டர் வரை. 4க்கு மேல எண்டால் அது சிகிச்சை.

ஞானப்பல் கழட்டுறவையும் ஒண்டைக் கவனியுங்கோ. எலும்புக்குள்ள புதைஞ்ச பல்லைச் சத்திரசிகிச்சையா எடுத்தால் சில பொலிசியில அது பல்லு லிமிட்டுக்குள்ள வராமல் சத்திரசிகிச்சைப் பகுதிக்குள்ள வரும். அங்க லிமிட் பல மடங்கு கூட. எந்தப் போம் பாவிக்கிறது எண்டு முதலே கேளுங்கோ.

கொட்டாஞ்சேனை_13:

எழுத்தில் மறுத்துவிட்டால் அடுத்த படிகளைச் சொல்கிறேன்.

மறுப்பு எந்த வாசகத்தின் கீழ் என்று கேளுங்கள். "பொலிசியின் எந்த நிபந்தனை, எந்த இலக்கம்" என்று எழுத்தில் தர வேண்டும். "பொலிசிப்படி செலுத்த முடியாது" என்ற வெறும் வரியை ஏற்க வேண்டாம். அதை வாங்கிய பிறகு அதே நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பகுதிக்கு மேன்முறையீடு. கஸ்டமர் சேர்விஸுக்கே திரும்பத் திரும்ப எழுதினால் அது புதுக் கேள்வியாகப் பதியும், முறைப்பாடாகப் பதியாது. தலைப்பிலேயே "முறைப்பாடு" என்று போட்டு, முறைப்பாட்டு இலக்கம் கேளுங்கள். எச்ஆருக்கும் புரோக்கருக்கும் பிரதி.

அங்கும் தீராவிட்டால் இரண்டு வாசல். ஒன்று காப்புறுதி ஒம்பட்ஸ்மன், அதாவது காப்புறுதிக் கம்பனிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிப்பவர், 2005இலிருந்து இயங்குகிறார். கட்டணம் இல்லை. முதலில் கம்பனியிடம் முறையிட்டுப் பதில் பெற்றிருக்க வேண்டும், விஷயம் நீதிமன்றத்தில் இருக்கக்கூடாது. பொலிசி உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் எச்ஆரின் கடிதம் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். மற்றது இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, கொழும்பு 1இல் உலக வர்த்தக மையத்தில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காப்புறுதிக் கம்பனிகளை மேற்பார்வை செய்யும் அரச நிறுவனம். முன்பு காப்புறுதிச் சபை என்ற பெயரில் இருந்தது. அரச நிறுவனம் என்பதால் தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. ஆங்கிலம் தடுமாறுகிறது என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: பில், சிகிச்சை அறிக்கை, எக்ஸ்ரே, கிளெய்ம் போம், மறுப்புக் கடிதம், கோல் எடுத்த திகதிகளின் குறிப்பு, ஈமெயில்கள் திகதி ஒழுங்கில். எல்லாம் ஒரே பிடிஎஃபாக. பத்துப் படத்தைத் தனித்தனியே அனுப்பினால் ஏழாவது தொலைந்துவிடும்.

லிமிட் முடிந்து கையில் காசும் இல்லையென்றால் கொழும்பு 7, வோர்ட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது, அரச வைத்தியசாலை. காத்திருக்க வேண்டும், விடியவே போங்கள். அங்கே பில் இல்லை என்பதால் கிளெய்ம் பண்ணவும் ஒன்றும் இல்லை. ஆனால் பல்லைத் தள்ளிப்போட்டுக் கெடுக்கத் தேவையில்லை.

ராஜகிரிய_கீற்று:

வெளிநாட்டுக் கம்பனிகளின் கொழும்புக் கிளையில் வேலை செய்பவர்களுக்கு மட்டும். பொலிசி அமெரிக்கக் காப்புறுதியாக இருந்தால் பல் இலக்கம் அவர்களுடைய முறையில் வேண்டும். அங்கே நிரந்தரப் பற்களுக்கு 1 தொடக்கம் 32 வரைதான், 36 என்று ஒரு பல்லே கிடையாது. எங்கள் 36 அங்கே 19. சிகிச்சைக்கும் குறியீடு கேட்பார்கள்: கடைவாய்ப் பல் ரூட் கனால் டீ3330, பீங்கான் கிரவுன் டீ2740. டொக்டரின் அறிக்கையில் இரண்டு முறை இலக்கமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அங்கே இருப்பவர் திருப்பி அனுப்ப மாட்டார். ரூபாத் தொகையோடு பணம் கட்டிய திகதியையும் துலக்கமாகப் போடுங்கள், நாணய மாற்று விகிதம் அந்தத் திகதியை வைத்துத்தான் பார்ப்பார்கள். அவர்களுடைய கோல் சென்டர் திறக்கும் நேரம் இங்கே மாலை அல்லது இரவு. பகலில் எடுத்தால் பதிவுக் குரல்தான் கேட்கும்.

கொழும்பு06:

அறிக்கை வந்துவிட்டது. 36, மூன்று திகதி, மூன்று கனால், தொகை பிரித்து, சீலில் பதிவு இலக்கமும் இருக்கிறது. எக்ஸ்ரே இரண்டும் பெயரோடு வந்தன. எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃபாகப் பழைய கிளெய்ம் இலக்கத்தைத் தலைப்பில் போட்டு அனுப்பிவிட்டேன். ஒரு சந்தேகம்: அறிக்கையின் திகதி இன்றையது, பில்லின் திகதி போன மாதத்தது. அது பிரச்சினையாகுமா?

கிளெய்ம்_மேசை:

ஆகாது. அறிக்கை எழுதிய நாள் எப்போதும் பின்னால்தான் வரும். உள்ளே இருக்கும் மூன்று சிகிச்சைத் திகதிகளில் கடைசித் திகதி பில் திகதியோடு ஒத்துப்போக வேண்டும், அதை மட்டும் பாருங்கள். அறிக்கைக்கு முன்திகதி போடச் சொல்லிக் கேட்க வேண்டாம். ஈமெயில் கிடைத்தது என்று இரண்டு வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் கோல் எடுத்து, "இணைப்பு கிளெய்மோடு சேர்க்கப்பட்டதா" என்று அந்தச் சொல்லிலேயே கேளுங்கள். இடையில் போயா லீவு வந்தால் அந்த நாளைக் கணக்கில் எடுக்காதீர்கள்.